மனச்சோர்வு: ஆராய்ச்சி நடந்து வந்த தூரம்

சித்தையன்கோட்டையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவரிடம் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. ஜவுளிக்கடையில் கொடுத்த பை. அதற்குள் கழுத்து எக்ஸ்ரே ஒன்று, வயிற்று ஸ்கேன் இரண்டு, தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை என்று பரிசோதனைச் சீட்டுகள் ஒரு கட்டு, தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள். ஏழெட்டு மாதமாகத் தலைவலி, உடம்பு அசதி, நெஞ்சுப் படபடப்பு. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதற்குமேல் தூக்கம் கிடையாது. செம்பட்டி, சின்னாளபட்டி, திண்டுக்கல் என்று அலைந்து ஒருமுறை மதுரை வரைக்கும் போய்வந்துவிட்டார். "எல்லாம் நார்மல்ங்கறாங்க தம்பி. நார்மல்னா எனக்கு ஏன் சோறு எறங்க மாட்டேங்குது?" என்று கேட்டார். பையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகத் திண்ணையில் பரப்பினார். நானும் ஒவ்வொன்றாகப் படித்தேன். "மனசு எப்படி இருக்கிறது?" என்று யாராவது அவரைக் கேட்டதற்கான அடையாளம் ஒரு தாளிலும் இல்லை.

சித்தையன்கோட்டை திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, ஆத்தூர் காமராசர் அணைக்குப் பக்கத்தில் இருக்கும் பேரூராட்சி. நெல்லும் தென்னையும் விளையும் பூமி. முஸ்லிம் குடும்பங்களும் இந்துக் குடும்பங்களும் கலந்து வாழும் ஊர். செம்பட்டி வழியாகப் போனால் மாவட்டத் தலைநகர் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். உலகத்து ஆராய்ச்சி நிலையங்கள் மனச்சோர்வைப் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் எழுதியிருக்கின்றன. அவற்றில் எது இந்த அக்காவுக்குப் பயன்படும், எது ஏன் அவர் வாசல் வரை வரவில்லை என்று பார்க்கவே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த முப்பது ஆண்டுகளில் ஏழைகளுக்கு உதவிய பெரிய கண்டுபிடிப்பு ஒரு புதிய மாத்திரை இல்லை. யார், எங்கே, எந்தச் சொல்லால் நோயாளியிடம் பேசினால் குணம் வரும் என்று சோதித்துக் கண்டதே அது. தமிழ்நாட்டுக்கும் அதில் பங்கு உண்டு. கண்டது அந்த இருபது கிலோமீட்டரைத் தாண்டி வராமல் தேங்கிக் கிடக்கிறது.

முதல் சிக்கல் நோயின் பெயரிலேயே இருக்கிறது. பத்திரிகைகள் 'மன அழுத்தம்' என்று எழுதுகின்றன. பரீட்சைக்கு முந்தின நாள் பையனுக்கு வருவதும் அதுதான், ஆறு மாதம் படுக்கையை விட்டு எழாத பெண்ணுக்கு வந்திருப்பதும் அதுதான் என்று ஆகிவிடுகிறது. மருத்துவர் 'டிப்ரஷன்' என்கிறார். நூல்களில் 'மனச்சோர்வு'. ஊரில் இந்த மூன்றும் புழங்குவதில்லை. "மனசு ஒரு நெலையில இல்ல", "எதுலயும் பிடிப்பு இல்ல", "வெறிச்சுன்னு இருக்கு", "ஒரே யோசனையா இருக்கு" என்பார்கள். அதையும் நெருங்கியவர்களிடம்தான் சொல்வார்கள். டாக்டரிடம் போனால் "ஒடம்பு முடியல". மனதில் உள்ளது தலைவலியாகவும் வயிற்றெரிச்சலாகவும் வெளியே வருகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை, வலி உண்மையாகவே இருக்கிறது.

'யோசனை' என்ற சொல் எனக்கு ஜிம்பாப்வேயை நினைவூட்டும். அங்கே ஷோனா மொழியில் மனச்சோர்வுக்கு 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல் உண்டு. அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் அந்தச் சொல்லையே கையில் எடுத்துக்கொண்டு, சுகாதார நிலையங்களின் வெளியே மரத்தடி பெஞ்சுகளைப் போட்டு, ஊர்ப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து உட்காரவைத்தார். 'நட்பு பெஞ்சு' என்று பெயர். பெஞ்சில் பாட்டியிடம் பேசியவர்களுக்கு வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடத் தெளிவாகவே குணம் தெரிந்தது. 573 பேரிடம் நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 2016இல் வெளிவந்தது. பாட்டிமார் யாரும் நோயின் ஆங்கிலப் பெயரைச் சொல்லவில்லை.

இந்தியாவில் எத்தனை பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று கணக்கெடுக்கவே நெடுநாள் ஆயிற்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு கண்டவர்கள் இருபதில் ஒருவர் என்று அது சொன்னது. என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது அடுத்த எண்: மனச்சோர்வு உள்ளவர்களில் சிகிச்சை பெறாதவர்கள் 85 சதவீதம். சர்க்கரைக்கோ காசநோய்க்கோ இப்படி ஓர் இடைவெளி இருப்பதாகத் தெரிந்தால் சட்டமன்றத்தில் கேள்வி எழுந்திருக்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் தற்கொலை எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருக்கிறது: 19,834 பேர். அத்தனையும் மனச்சோர்வால் வந்தவை என்று சொல்ல முடியாது. கடன், குடும்பச் சண்டை, குடி, தீராத நோய் எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் அந்த எண்ணைத் தனியாக வைத்துவிட்டு மனச்சோர்வைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

மருந்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் ஒரு நுனி நம் நாட்டு மூலிகையில் இருக்கிறது. சர்ப்பகந்தியின் வேரை ரத்தக் கொதிப்புக்கும் மனக்கோளாறுக்கும் கொடுக்கலாம் என்று 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் எழுதினார்கள். பம்பாயில் ருஸ்தம் வக்கீல் 1949இல் அதைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழுக்குக் கொண்டு போனார். வேரிலிருந்து 1952இல் ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதை உட்கொண்ட சிலர் வாடிப்போய் உட்கார்ந்ததைக் கண்டு, மூளையின் சில வேதிப்பொருட்கள் குறைந்தால் மனம் சோர்கிறதோ என்ற கருத்து எழுந்தது. அதே பத்தாண்டில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் குன் இமிப்ரமின் மருந்தின் பயனைக் கண்டார். இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரைகள் பெரும்பாலும் அந்த வம்சம்தான். ஆனால் 'செரடோனின் குறைவே மனச்சோர்வு' என்ற எளிய விளக்கத்துக்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் வெளிவந்த ஒரு பெரும் தொகுப்பாய்வு சொல்லிவிட்டது. மாத்திரை பலருக்கு வேலை செய்கிறது. எப்படி என்பதுதான் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

அமெரிக்காவில் 4,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்த ஸ்டார்-டி ஆய்வு 2006இல் முடிந்தது. முதல் மாத்திரையில் முழுக் குணம் அடைந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். மருந்தை மாற்றி மாற்றி நான்கு படி போனால் மூன்றில் இருவருக்குக் குணம் என்றார்கள். 2023இல் வேறு சிலர் அதே தரவை முதலில் வகுத்த விதிப்படி மறுபடி கணக்கிட்டபோது 35 சதவீதம்தான் வந்தது. இந்த விவாதம் நோயாளிகள் காதிலும் விழ வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் மாத்திரை பலிக்காவிட்டால் 'எனக்குத் தீராத வியாதி' என்று சோர்ந்துபோகிறவர்கள் ஏராளம். மூன்றில் இருவருக்கு முதல் மாத்திரையில் முழுக் குணம் வருவதில்லை என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அவர்கள் இரண்டாம் முறையும் டாக்டரைப் பார்க்கப் போவார்கள்.

இனி கோவாவுக்கு வருகிறேன். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் அது. விக்ரம் படேலும் நண்பர்களும் 1996இல் அங்கே 'சங்காத்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அப்படியானால் மனநல மருத்துவர் இல்லாமலே தொடக்கச் சிகிச்சையைக் கொடுக்க முடியுமா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. 'மானஸ்' என்ற பெயரில் 12 அரசு சுகாதார நிலையங்களிலும் 12 தனியார் கிளினிக்குகளிலும் சோதனை நடந்தது. மருத்துவப் பின்புலம் இல்லாத உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக அமர்த்தினார்கள். 'மனநோய்' என்ற சொல்லைத் தொடவில்லை. 'டென்ஷன்' என்று ஊரே சொல்வதையே சொன்னார்கள். 2010இல் வந்த முடிவில் அரசு நிலையங்களில் ஆறு மாதத்தில் குணமானவர்கள் 66 சதவீதம். ஆலோசகர் இல்லாத அரசு நிலையங்களில் 42 சதவீதம்.

தனியார் கிளினிக்குகளில் வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை. என் மதிப்பில் இந்த ஆய்வின் பாதி அருமை, அந்தத் தோல்வியையும் மறைக்காமல் எழுதியதில் இருக்கிறது. தனியார் கிளினிக்கில் குடும்ப டாக்டரே நோயாளியை வருடக்கணக்காக அறிந்தவர், அவர் பேச்சே பாதி மருந்தாக இருந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். உண்மைதான் என்று தோன்றுகிறது. வீட்டுக் கதை தெரிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட பழைய டாக்டர்களை நம் சிற்றூர்களில் நடுவயதைத் தாண்டியவர்கள் இன்னமும் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

அடுத்த சோதனையில் சங்காத் குழுவினர் இன்னும் கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரை எடுத்துக்கொண்டார்கள். 10 ஆரம்ப சுகாதார நிலையங்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். இதில் ஆலோசகர் என்னதான் செய்கிறார் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். அறிவுரை சொல்வதில்லை. "தைரியமா இருங்க", "கடவுளை நம்புங்க" என்ற பேச்சு கிடையாது. சோர்வு வந்தபின் எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறார். காலையில் கோலம் போடுவது, பக்கத்து வீட்டில் போய் உட்காருவது, பூ கட்டுவது, வெள்ளிக்கிழமைத் தொழுகை என்று பட்டியல் வரும். சோர்வினால் ஆள் இவற்றை விடுகிறார், விட்டதால் சோர்வு கூடுகிறது, கூடிய சோர்வு மிச்சத்தையும் விடவைக்கிறது. செக்குமாடு சுற்றுவது போன்ற இந்தச் சுற்றை ஒரு தாளில் வரைந்து காட்டுகிறார். பிறகு அதில் ஆகச் சிறிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "மனசு வரட்டும்னு காத்திருக்க வேண்டாம், செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வாசல் தெளிங்க, அவ்வளவுதான்" என்று நாளும் நேரமும் குறித்துத் தருகிறார். அடுத்த வாரம் செய்தீர்களா என்று கேட்கிறார். செய்யவில்லை என்றால் எது தடுத்தது என்று விசாரித்து வேலையை இன்னும் சிறிதாக்குகிறார். மூன்று மாதத்தில் ஆலோசகரிடம் பேசியவர்களில் 64 சதவீதம் பேருக்கு நோய் விலகியது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றிருந்தது. 2017இல் இது வெளிவந்தபின், மத்தியப் பிரதேசத்தில் ஆஷா பணியாளர்களுக்கு இதே முறையைக் கைபேசி வழியாகக் கற்றுத்தர முடியுமா என்ற ஆய்வில் இறங்கினார்கள்.

பிரசவத்துக்குப் பின் வரும் சோர்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் நம் வேலூருக்குப் பங்கு இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கிய காலத்திலிருந்தே நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுக் கவனிக்கும் வழக்கத்தைப் பின்பற்றியது. குடும்பத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு மனதைக் குணப்படுத்தலாம் என்று மேல்நாட்டு மருத்துவமனைகள் நினைத்திருந்த காலம் அது. அதே நிறுவனத்தார் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து சென்று பார்த்து எழுதிய ஆய்வு 2002இல் வந்தது. குழந்தை பெற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தது. காரணங்களாக அவர்கள் கண்டவை நமக்குப் புதியவையல்ல: வருமானக் குறைவு, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடு மனத்தாங்கல், பிறந்த வீட்டோடு உறவு சரியில்லாதது, கைக்கு உதவி இல்லாதது. ஊர்ப் பெண்கள் கிணற்றடியில் பேசிய விஷயத்தை எண்ணாக்கி மருத்துவ இதழில் பதித்தது அந்த ஆய்வு. "பொண்ணு பொறந்துருச்சேன்னு அழுவுறா, நாளானா சரியாயிரும்" என்று தட்டிக்கழிக்க இனி மருத்துவ உலகத்துக்கு உரிமை இல்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் குழுவினர், வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே இத்தகைய தாய்மார்களுடன் பேசவைத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களிடம் சோர்வு நீடித்தது 23 சதவீதம். மற்றவர்களிடம் 53 சதவீதம். அது 2008.

சென்னையில் நடந்தது வேறு வகை. டாக்டர் வி. மோகனின் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை நகரவாசிகள் 25,000 பேருக்கும் மேல் கேள்வித்தாள் கொடுத்துப் பார்த்து, 15 சதவீதம் பேரிடம் சோர்வின் அறிகுறி இருப்பதாக 2009இல் எழுதியது. சர்க்கரையும் சோர்வும் ஒன்றையொன்று தூக்கிவிடும் நோய்கள். சோர்ந்தவர் மாத்திரையை மறப்பார், நடைப்பயிற்சியை விடுவார், சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரை உடம்பைத் தளர்த்தி மனதையும் இழுத்துப் போடும். ஆகவே இந்த நிறுவனமும் டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் மருத்துவமனைகளும் சேர்ந்து 404 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தன. ஒரு பிரிவுக்கு ஒரு பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர். அவர் மருத்துவர் இல்லை. சர்க்கரைச் சீட்டையும் மனநிலைக் கேள்வித்தாளையும் ஒன்றாகப் பார்த்து, போனில் விசாரித்து, மனநல மருத்துவரிடமும் சர்க்கரை மருத்துவரிடமும் சேர்த்துப் பேசி மருந்தை மாற்றவைப்பார். இரண்டு வருட முடிவில் சோர்வு பாதியாகக் குறைந்து, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது சீரானவர்கள் அவர் கவனித்த பிரிவில் 71.6 சதவீதம், மற்றதில் 57.4 சதவீதம். இது 2020இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது.

எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. காரணம் எளியது. சர்க்கரைக்கு மருந்து வாங்கப் போக யாருக்கும் வெட்கம் இல்லை. "சுகருக்குப் போறேன்" என்று பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடமே சொல்லலாம். அதே வரிசையில் நின்றுகொண்டு மனதுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டால் சம்பந்தம் பேசும் வீடு என்ன நினைக்குமோ என்ற பயம் எழாது.

வைத்தியம் நோயாளியைத் தேடி வருவது என்றால் சாரதா மேனன் நினைவுக்கு வருகிறார். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்தவர். ஓய்வுக்குப் பின் 1984இல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். அவர்கள் ஆராய்ந்தது முக்கியமாக வேறு நோய்தான். ஆனாலும் 2010இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு அவர்கள் அனுப்பிய பஸ், மனச்சோர்வுக்கும் பாடம் சொல்கிறது. பஸ்ஸுக்குள் நோயாளி உட்கார, சென்னையில் இருந்தபடி மனநல மருத்துவர் திரையில் பேசுவார். மருந்தும் பஸ்ஸிலேயே கிடைக்கும். மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழந்து, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, துணைக்கு ஒருவரையும் கூட்டிப் போக வேண்டியிருந்த குடும்பங்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று, மஞ்சள் பையோடு நாலு ஊர் அலைந்தவரைப் பார்த்த பின் எனக்குப் புரிகிறது.

உயிரைக் காப்பாற்றும் ஆராய்ச்சியில் டாக்டர் லட்சுமி விஜயகுமாரின் வேலையை முதலில் வைப்பேன். 1986இல் சென்னையில் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர் அவர். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து ஊர்களில் நடத்திய ஆய்வில் சென்னைப் பொறுப்பு அவருடையது. தற்கொலைக்கு முயன்று பிழைத்து மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றப் பாதிக்கு, கிளம்பும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச்சு, பிறகு 18 மாதத்துக்குள் ஒன்பது முறை போனிலோ நேரிலோ ஒரு விசாரிப்பு. எப்படி இருக்கிறீர்கள், ஏதாவது உதவி வேண்டுமா என்று. அவ்வளவுதான். அந்த 18 மாதத்தில் தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 சதவீதம், இரண்டாம் பிரிவில் 0.2 சதவீதம். 2008இல் வந்த இந்த முடிவைப் படித்த நாளில் நான் வெகுநேரம் வேறு எதுவும் படிக்கவில்லை. நாம் விசாரிக்க மறந்த ஆட்களின் முகங்கள் வரிசையாக வந்தன.

விவசாயப் பகுதிக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. பூச்சிமருந்து வீட்டுக்குள் இருக்கலாமா? கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் லட்சுமி விஜயகுமாரின் குழு பூச்சிமருந்துக்கென ஊர்ப் பொதுவில் பூட்டறை கட்டி, விவசாயிகள் வயலுக்கு வேண்டும்போது எடுத்துப்போகும்படி செய்து பார்த்தது. ஊர் மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை பலன் தரவில்லை என்று 2017இல் தெரிந்தது. பெட்டி வீட்டில், சாவியும் வீட்டில். அங்கே பலன் தந்தது சட்டம். மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் படிப்படியாகத் தடை செய்த பின்னரே தற்கொலை மரணங்கள் பெருமளவு இறங்கின. பூட்டுப்பெட்டி எல்லோருக்கும் பிடித்த யோசனை. கண்ணுக்குத் தெரியும், புகைப்படம் எடுக்கலாம். ஆராய்ச்சி இல்லாவிட்டால் பெட்டி வாங்கியே பணம் தீர்ந்திருக்கும்.

மஞ்சள் பை அக்கா டாக்டர்களிடம் மட்டும் போகவில்லை. தண்ணீர் ஓதிக் குடித்திருக்கிறார், தாயத்து கட்டியிருக்கிறார், ஏர்வாடிக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். ஏர்வாடி என்றால் இன்னும் வயிற்றைப் பிசையும். 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் கருகிய ஊர். அதன்பின் நம்பிக்கைத் தலங்களைச் சந்தேகத்தோடு மட்டுமே பார்க்கும் பழக்கம் படித்தவர்களிடம் வந்துவிட்டது. சங்கிலிக்கு எதிரான கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராம் குழுவினர் தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளைக் கவனித்து 2002இல் எழுதிய கட்டுரையையும் படிக்க வேண்டும். மந்திரம் எதுவும் இல்லை. கோயில் வேலைகளில் சேர்ந்துகொண்டு, வீட்டார் துணையோடு, அடிக்காமல் கட்டாமல் சில வாரங்கள் இருந்ததிலேயே நோய்க் குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. மதுரையில் டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் 1992இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை ஏர்வாடியிலேயே 'தவாவும் துஆவும்' என்ற முறையைச் செயல்படுத்தியது. பிரார்த்தனையான துஆவுக்கு வந்தவர் அங்கேயே தவாவும், அதாவது மருந்தும், வாங்கிக்கொள்ளலாம். சித்தையன்கோட்டை போன்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை எனக்குத் தெரியவில்லை. ஓதிப் பார்க்கும் ஹஜ்ரத்துக்கும் குறி சொல்பவருக்கும் நோயாளியை முதலில் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கிறது. "ரெண்டு வாரமா தூங்கல, சாப்பிடல, சாகலாம்போல இருக்குங்கறாங்கன்னா டாக்டர்கிட்டயும் காட்டுங்க" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதை வீட்டார் தட்ட மாட்டார்கள்.

இந்த இடத்தில் எங்கள் வட்டாரமே ஒரு காலத்தில் ஆராய்ச்சிக் களமாக இருந்ததைச் சொல்லியாக வேண்டும். சின்னாளபட்டிப் பக்கத்துக் காந்திகிராமத்தில் 1959இல் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. 1964இல் அது ஊரகச் சுகாதார நிறுவனமாக வளர்ந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட களம் இதே ஆத்தூர் ஒன்றியம். குடும்ப நலம், தாய் சேய் நலம் பற்றிக் கிராமம் கிராமமாகப் போய்ப் பேசி, ஊருக்குள் செல்வாக்கு உள்ள ஆட்களைக் கண்டுபிடித்து அவர்கள் வழியாகச் செய்தியைச் சேர்த்தார்கள். பத்தே ஆண்டில் பிறப்பு விகிதம் கணிசமாக இறங்கியது. பொதுச் சுகாதார நூல்களில் 'ஆத்தூர் அனுபவம்' என்றே அதற்குப் பெயர். குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசிய காலத்தில் அதைத் திண்ணைப் பேச்சாக்கிய மண் இது. அன்று அந்த வெட்கத்தைக் கடந்த வீடுகளின் பேத்திகள் இன்று மனச்சோர்வைச் சொல்லக் கூசுகிறார்கள். பாட்டிகளுக்குப் பயன்பட்ட வழி இவர்களுக்கும் பயன்படும் என்று நான் நம்புகிறேன்.

அரசின் கட்டமைப்பு அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். நிம்ஹான்ஸ் பெல்லாரி மாவட்டத்தில் செய்துகாட்டிய முறைதான் 1996இல் மாவட்ட மனநலத் திட்டமாயிற்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமை ஆக்கியது. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் தொலைபேசிச் சேவை தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. துண்டு துண்டாக எல்லாம் இருக்கின்றன. இவற்றைத் தைத்து இணைக்க ஓர் ஆள் வேண்டும்.

ஆராய்ச்சி நிலையங்கள் மீது எனக்குள்ள குறை இங்கேதான். திட்டப்பணம் இருக்கும்வரை ஆலோசகர் இருக்கிறார், கண்காணிப்பு இருக்கிறது, மருந்து தீராமல் இருக்கிறது. ஆய்வறிக்கை வெளியானதும் கூடாரத்தைப் பிரித்துவிடுகிறார்கள். ஐந்து வருடம் கழித்து அந்த ஊரில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று திரும்பிப் போய்ப் பார்த்து எழுதியவர்கள் மிகக் குறைவு. அடுத்து, ஆண்கள். பல ஆய்வுகளில் வந்து அமர்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். தென்னந்தோப்பில் கடன்பட்டுக் குடியில் மூழ்கியவரையும், திருப்பூருக்கு வேலைக்குப் போய் எட்டு மாதத்தில் திரும்பி அறைக்குள் கிடக்கும் இளைஞனையும் எந்த வாசலில் பிடிப்பது என்று இன்னும் யாரும் சரியாகச் சொல்லவில்லை. டீக்கடையா, உரக்கடையா, கூட்டுறவு சங்கமா? இவற்றைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுதான் இனி வேண்டும். மூளைப் படத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்கு வந்தாலும் போதும். மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது, மனச்சோர்வைக் கண்டறியக் கொடுக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட கேள்வித்தாள். உலகம் முழுவதும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் தமிழ் வடிவங்களை வாசித்துப் பாருங்கள், பலவும் அலுவலகக் கடிதம்போல் இருக்கும். 'செயல்களில் ஈடுபாடு அல்லது மகிழ்ச்சி குறைவாக இருத்தல்' என்று கேட்டால் அக்காவுக்கு என்ன புரியும்? "முந்தி பிடிச்சுச் செஞ்ச வேலையெல்லாம் இப்ப வேண்டாவெறுப்பா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள், கண் கலங்கிவிடும்.

அப்படித்தான் கலங்கியது. நான் மருத்துவன் இல்லை. படித்ததை வைத்து, ஊர்ப் பேச்சில், ஒன்பதையும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. கேட்கத் தயங்கினேன். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. தூண்டாது, கேட்பது பாரத்தைத்தான் இறக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கேட்டேன். கொஞ்ச நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தூங்கிக் கண்ணு முழிக்காம போயிட்டா தேவலைன்னு இருக்கும் தம்பி, வேற எதுவும் செஞ்சுக்கற அளவுக்கு இல்ல" என்றார். ஏழெட்டு மாதத்தில் இதை வேறு யாரும் கேட்கவில்லையாம்.

அடுத்த வாரம் திண்டுக்கல்லில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தார். மகன் கூட்டிப் போனான். ஒரே ஒரு மாத்திரை, ராத்திரிக்கு. முதல் வாரம் வயிறு புரட்டும், நாக்கு வறளும், பலன் தெரிய மூன்று வாரம்கூட ஆகலாம், அதுவரை நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஐந்தாம் நாள் போன் வந்தது. "வயித்தப் பெரட்டுது, நிப்பாட்டிரவா?" என்றார். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்தி, அவருடைய எண்ணுக்கே போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டார், நிறுத்தவில்லை. பத்தாம் நாள் நானே கூப்பிட்டேன். பதினேழாம் நாளும். நேற்றுக் கூப்பிட்டபோது பின்னால் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. மாவாட்டிக்கொண்டிருப்பதாகவும் அப்புறம் பேசுவதாகவும் சொல்லி வைத்துவிட்டார். வியாழக்கிழமையோடு மாத்திரை தீர்கிறது. புதன்கிழமை கூப்பிட வேண்டும்.